துப்பாக்கிகளை எண்ணியவர்கள் குழந்தைகளையும் எண்ணினார்கள்!

போரில் சிக்கிய பிள்ளைகளை மீட்கும் ஒரு பதிவேட்டின் கதை

ஒரு சண்டை முடிந்தால் என்ன கணக்கு எடுப்பார்கள்?

எத்தனை துப்பாக்கி, எத்தனை வெடிகுண்டு, எத்தனை சிப்பாய் என்று கணக்கு எடுப்பார்கள். செத்தவர் எத்தனை பேர், காயம் அடைந்தவர் எத்தனை பேர் என்றும் கணக்கு எடுப்பார்கள்.

அந்தச் சண்டையில் சிக்கிய குழந்தைகள் எத்தனை பேர்? அவர்கள் இப்போது எங்கே? இந்தக் கணக்கை வெகு காலம் யாரும் ஒழுங்காக எடுத்தது இல்லை.

இன்று அதற்கென்று ஒரு பதிவேடு இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை அதை வைத்திருக்கிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் நேர்ந்த கொடுமை அதில் விசாரித்து எழுதப்படுகிறது.

"எழுதி வைத்தால் போதுமா? போன குழந்தை திரும்பி வந்துவிடுமா?" என்று நீங்கள் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். நம் பக்கத்து நாடான நேபாளத்தில் நடந்த கதையைக் கேட்டால் இதற்குப் பதில் கிடைக்கும்.

10 ஆண்டு சண்டை

நேபாளம், இமயமலையின் மடியில் உள்ள நாடு. 1996-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 13-ந் தேதி அங்கே உள்நாட்டுச் சண்டை மூண்டது. மன்னர் ஆட்சியை எதிர்த்து மாவோயிஸ்டுகள் ஆயுதம் எடுத்தார்கள். 10 ஆண்டுகள் சண்டை நடந்தது. 13 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள்.

சண்டை பெரும்பாலும் மலைக் கிராமங்களில் நடந்தது. பிரசாரம் கேட்க வேண்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை மாவோயிஸ்டுகள் கூட்டம் கூட்டமாக அழைத்துப் போனார்கள். பெரும்பாலான பிள்ளைகள் சில நாட்களில் வீடு திரும்பினார்கள். சில பிள்ளைகள் திரும்பவில்லை.

வீட்டில் கஞ்சிக்கு வழி இல்லை என்று தாங்களாகவே போய்ச் சேர்ந்த பிள்ளைகளும் உண்டு.

முகாமில் அவர்களுக்கு என்ன வேலை? சோறு சமைக்க வேண்டும். மூட்டை சுமக்க வேண்டும். சேதி கொண்டு போக வேண்டும். இரவில் காவல் நிற்க வேண்டும். சில பிள்ளைகள் கையில் துப்பாக்கியும் கொடுக்கப்பட்டது.

மறு பக்கத்திலும் கொடுமை நடந்தது. "இவன் மாவோயிஸ்டுகளுக்கு உதவி செய்தவன்" என்ற சந்தேகத்தின் பேரில் அரசாங்கப் படையினர் சிறுவர்களைப் பிடித்து அடைத்து வைத்தார்கள்.

2006-ம் ஆண்டு நவம்பர் மாதம் 21-ந் தேதி சமாதான ஒப்பந்தம் கையெழுத்து ஆயிற்று. சண்டை ஓய்ந்தது.

28 முகாம்கள்

மாவோயிஸ்டு படையினர் 7 பெரிய முகாம்களிலும், அவற்றைச் சேர்ந்த 21 சிறிய முகாம்களிலும் தங்க வைக்கப்பட்டார்கள். மேற்பார்வை செய்ய ஐ.நா. தூதுக்குழு வந்தது.

முதலில் ஆயுதங்களை எண்ணினார்கள். 3 ஆயிரத்து 475 ஆயுதங்கள் இருந்தன. அவற்றைப் பதிவு செய்து பூட்டி வைத்தார்கள்.

அடுத்து ஆட்களை எண்ணினார்கள். 32 ஆயிரத்து 250 பேர் பெயர் கொடுத்தார்கள்.

இவர்களில் சிறுவர், சிறுமியர் எத்தனை பேர்? அதைக் கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா?

2006-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதியைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டார்கள். அன்று 18 வயது நிரம்பாதவர்கள் எல்லோரும் சிறுவர்கள் என்று முடிவு செய்தார்கள். அதாவது, 1988-ம் ஆண்டு மே 25-ந் தேதிக்குப் பிறகு பிறந்தவர்கள்.

சொல்வது சுலபம். கண்டுபிடிப்பது கஷ்டம். மலைக் கிராமத்தில் பிறந்த பலருக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. "எனக்கு 20 வயது" என்று ஒரு பையன் சொன்னால் எப்படி நம்புவது? எப்படி மறுப்பது?

ஆகவே, ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து உட்கார வைத்துப் பேசினார்கள். குழந்தைகள் நல நிறுவனமான யுனிசெப் ஊழியர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். மாதக் கணக்கில் இந்த விசாரணை நடந்தது.

2 ஆயிரத்து 973 பிள்ளைகள்

2007-ம் ஆண்டு டிசம்பர் மாதம் முடிவு வெளியாயிற்று.

படையினர் என்று ஏற்கப்பட்டவர்கள் 19 ஆயிரத்து 602 பேர். ஏற்கப்படாதவர்கள் 4 ஆயிரத்து 8 பேர். இந்த 4 ஆயிரத்து 8 பேரில், 1,035 பேர் அந்த மே 25-ந் தேதிக்குப் பிறகு வந்து சேர்ந்தவர்கள். மீதி 2 ஆயிரத்து 973 பேரும் சிறுவர், சிறுமியர்!

அவர்களை உடனே வீட்டுக்கு அனுப்பி இருக்க வேண்டும். ஆனால், அனுப்பவில்லை. ஒரு ஆண்டு போயிற்று. இரண்டு ஆண்டு போயிற்று. பிள்ளைகள் முகாமிலேயே இருந்தார்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயது அங்கேயே கழிந்தது.

கடைசியில் முகாம் கதவு திறந்தது. அதைத் திறந்த சாவி எது?

அதைத் தெரிந்துகொள்ள, நாம் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

மொசாம்பிக் அம்மையார்

ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கேயும் உள்நாட்டுச் சண்டை நடந்தது. சிறுவர்கள் படையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த நாட்டின் கல்வி மந்திரியாக இருந்தவர் கிராசா மாஷேல் அம்மையார். (பிற்காலத்தில், 1998-ம் ஆண்டு, இவர் நெல்சன் மண்டேலாவை மணந்தார்.)

போர், குழந்தைகளை என்ன செய்கிறது என்று ஆராய்ந்து சொல்லும்படி ஐ.நா. சபை இந்த அம்மையாரைக் கேட்டுக்கொண்டது. அம்மையார் ருவாண்டா, கம்போடியா, லெபனான், கொலம்பியா முதலிய நாடுகளுக்குப் போனார். பெற்றோர்களையும் பிள்ளைகளையும் நேரில் கண்டு பேசினார்.

1996-ம் ஆண்டு அவருடைய அறிக்கை வெளிவந்தது. 10 ஆண்டு காலத்தில் சுமார் 20 லட்சம் குழந்தைகள் போர்களில் மாண்டு விட்டார்கள் என்று அதில் கூறப்பட்டு இருந்தது. உலகமே திடுக்கிட்டது.

அதற்குப் பிறகு, இந்த விஷயத்தைக் கவனிக்க ஐ.நா. சபை ஒரு தனிப் பிரதிநிதியை நியமித்தது. 1997-ம் ஆண்டு முதன்முதலாக அந்தப் பொறுப்புக்கு வந்தவர், உகாண்டா நாட்டைச் சேர்ந்த ஒலாரா ஒட்டுன்னு. அவருக்கு அடுத்து, 2006-ம் ஆண்டு வந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. இலங்கையைச் சேர்ந்த சட்ட நிபுணர் ராதிகா குமாரசாமி. 2012-ம் ஆண்டு வரை அவர் இந்தப் பொறுப்பில் இருந்தார்.

6 கொடுமைகள்

2005-ம் ஆண்டு ஜூலை மாதம் 26-ந் தேதி ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் ஒரு தீர்மானம் போட்டது. அதன் எண் 1612. போர் நடக்கும் நாடுகளில் குழந்தைகளுக்கு நேரும் கொடுமைகளை விசாரித்துப் பதிவு செய்யும் ஏற்பாடு இந்தத் தீர்மானத்தால் வந்ததுதான்.

எல்லாத் தொல்லைகளையும் எழுத முடியாது அல்லவா? ஆகவே, மிகக் கொடிய 6 குற்றங்களை எடுத்துக்கொண்டார்கள். அவை வருமாறு:-

1. குழந்தைகளைக் கொல்வது, ஊனப்படுத்துவது.

2. குழந்தைகளைப் படையில் சேர்ப்பது, படை வேலைகளுக்குப் பயன்படுத்துவது.

3. பாலியல் கொடுமை செய்வது.

4. கடத்திக்கொண்டு போவது.

5. பள்ளிக்கூடங்களையும் ஆஸ்பத்திரிகளையும் தாக்குவது.

6. குழந்தைகளுக்கு உணவும் மருந்தும் போய்ச் சேராமல் தடுப்பது.

இந்தக் குற்றங்களைச் செய்வது அரசாங்கப் படையானாலும் சரி, அரசாங்கத்தை எதிர்க்கும் படையானாலும் சரி, பதிவேட்டில் எழுத வேண்டும். இதுதான் விதி.

தகவல் எப்படி வருகிறது?

ஒரு தாய் வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஐயா, என் மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்" என்று அழுகிறாள்.

விசாரிப்பவர் அவளை உட்கார வைத்துக் கேட்கிறார்:

"எந்தத் தேதியில் அம்மா? பையனுக்கு என்ன வயது? வந்தவர்கள் என்ன உடை போட்டிருந்தார்கள்? வேறு யார் பார்த்தார்கள்?"

அவள் சொல்வதை எழுதிக்கொள்கிறார். உடனே அது கணக்கில் ஏறிவிடாது. விஷயத்தை நேரில் கண்டவர்களைத் தேடிப் போகிறார்கள். வாத்தியாரைக் கேட்கிறார்கள். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைப் பார்க்கிறார்கள். காயம் பட்ட குழந்தையானால் ஆஸ்பத்திரிப் பதிவைப் பார்க்கிறார்கள். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு ஒத்துப் போகிறதா என்று பார்க்கிறார்கள்.

ஒரே பையனைப் பற்றித் தாய் ஒரு இடத்தில் சொல்லி இருப்பாள். மாமன் வேறு இடத்தில் சொல்லி இருப்பான். இரண்டு பெயராக எண்ணிவிடக் கூடாது. அதையும் சரிபார்க்கிறார்கள்.

எல்லாம் சரியாக இருந்தால்தான், "உறுதி செய்யப்பட்டது" என்று எழுதுகிறார்கள். உறுதி ஆகாத விஷயங்கள் தனியே வைக்கப்படும். அவை கணக்கில் சேராது.

ஒவ்வொரு நாட்டிலும் இந்த வேலைக்கு ஒரு குழு உண்டு. அந்த நாட்டில் உள்ள ஐ.நா. தலைமை அதிகாரியும், யுனிசெப் அதிகாரியும் அதை நடத்துவார்கள். ஊர்த் தொண்டு நிறுவனங்கள் தகவல் கொடுக்கும்.

பெயர் வெளியே வராது

இந்த வேலையில் ஆபத்து அதிகம். "இன்னார் மகள்தான் போய்ச் சொன்னாள்" என்று தெரிந்தால் என்ன ஆகும்? அந்தக் குடும்பத்தையே அழித்து விடுவார்கள்.

ஆகவே, குழந்தையின் பெயர் அறிக்கையில் வராது. பெயருக்குப் பதில் ஒரு அடையாள எண் போடுவார்கள். தகவல் தரும் தாள்களைப் பூட்டி வைப்பார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றினால், எல்லோரும் பார்க்க முடியாதபடி காவல் செய்வார்கள்.

குழந்தையும் பெற்றோரும் சம்மதிக்காமல் எழுதக் கூடாது. எதற்காகக் கேட்கிறோம், யாருக்குப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கேள்வி கேட்பதால் குழந்தைக்குத் தீங்கு வரும் என்று தோன்றினால், கேட்காமலே விட்டுவிட வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. கொடுமைக்கு ஆளான பெண்ணிடம் கதையை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போய்விடுவது பாவம். அவளுக்கு டாக்டர் வேண்டும். ஆறுதல் சொல்ல ஆள் வேண்டும். ஆகவே, எழுதுகிறவருக்கு உதவி கிடைக்கும் இடமும் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டியலில் பெயர்

இப்படிச் சேரும் தகவல்களை வைத்து ஐ.நா. பொதுச்செயலாளர் ஆண்டுதோறும் ஒரு அறிக்கை கொடுக்கிறார். அதன் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கும். குழந்தைகளுக்குக் கொடுமை செய்த படைகளின் பெயர்கள் அதில் இருக்கும். "வெட்கப் பட்டியல்" என்று உலகம் அதை அழைக்கிறது.

பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் சுலபமாக இறங்காது. இறங்க வேண்டுமானால் ஐ.நா. சபையோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். "இத்தனை பிள்ளைகளை, இந்தக் காலத்துக்குள் விடுதலை செய்கிறோம். இனி சேர்க்க மாட்டோம். எங்கள் முகாம்களை வந்து பார்க்கலாம்" என்று கையெழுத்துப் போட வேண்டும். சொன்னபடி நடந்ததை ஐ.நா. ஊழியர்கள் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அப்போதுதான் பெயர் நீங்கும்.

இந்தப் பட்டியலில் நேபாள மாவோயிஸ்டுகளின் பெயரும் இருந்தது!

காட்மாண்டுவில் கையெழுத்து

சமாதானம் வந்த பிறகு மாவோயிஸ்டுகள் தேர்தலில் நின்றார்கள். 2008-ம் ஆண்டு தேர்தலில் அதிக இடங்களைப் பிடித்தார்கள். அவர்களுடைய தலைவர் பிரசண்டா, நேபாளத்தின் பிரதமர் ஆனார்.

ஆட்சிக்கு வந்த கட்சி. ஆனால், உலகச் சபையின் பட்டியலில், "குழந்தைகளைப் படையில் சேர்த்தவர்கள்" என்று பெயர்! எவ்வளவு பெரிய தலைகுனிவு?

"எங்களிடம் சிறுவர்களே இல்லை" என்று மறுக்கவும் முடியாது. 2 ஆயிரத்து 973 பேர் என்று ஒவ்வொருவராக விசாரித்து எழுதிய கணக்கு இருக்கிறதே!

2009-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 16-ந் தேதி காட்மாண்டு நகரில் ஒப்பந்தம் கையெழுத்து ஆயிற்று. நேபாள அரசாங்கம், மாவோயிஸ்டு கட்சி, ஐ.நா. சபை ஆகிய மூன்று தரப்பினரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்த மாதமே விடுதலை தொடங்கியது. 2010-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி சிந்துலி மாவட்ட முகாமில் தொடங்கி, பிப்ரவரி 8-ந் தேதி ரோல்பா மாவட்ட முகாமில் முடிந்தது.

பள்ளிக்கூடம் போக விரும்பியவர்களுக்குப் படிப்பு, வேலை கற்க விரும்பியவர்களுக்குத் தொழிற்பயிற்சி, கடை வைக்க விரும்பியவர்களுக்கு வியாபார உதவி, மருத்துவத் துறையில் சேர விரும்பியவர்களுக்கு அதற்கான பயிற்சி என்று நான்கு வழிகள் வைக்கப்பட்டன.

அதன் பிறகும் ஐ.நா. ஊழியர்கள் விடவில்லை. விடுதலை ஆனவர்களை மறுபடியும் இழுக்கிறார்களா என்று பார்த்து வந்தார்கள். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு, 2012-ம் ஆண்டு, மாவோயிஸ்டு கட்சியின் பெயர் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டது.

பதிவேட்டில் எழுதிய கணக்கு பட்டியல் ஆயிற்று. பட்டியல் வெட்கம் ஆயிற்று. வெட்கம் கையெழுத்து ஆயிற்று. கையெழுத்து முகாம் கதவைத் திறந்தது!

ஆறாத புண்

ஆனால், கதை முழுவதும் சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

விடுதலைக்குள் பெரும்பாலோர் 18 வயதைத் தாண்டி விட்டார்கள். இழந்த பள்ளிக்கூட வயது திரும்பி வருமா?

அவர்களுக்குக் கொடுத்த பெயரும் அவர்கள் மனதைச் சுட்டது. படையினராக ஏற்கப்படாததால், "தகுதி இல்லாதவர்கள்" என்று அவர்களை அழைத்தார்கள். "சண்டையில் எங்களை உயிரைக் கொடுக்கச் சொன்னபோது தகுதி இருந்தது. இப்போது இல்லையா?" என்பது அவர்களுடைய மனக்குறை. அந்தச் சொல்லை எதிர்த்துக் கிளர்ச்சியும் செய்தார்கள்.

பதிவேட்டில் எழுதும் ஒரு சொல்கூட ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் தழும்பாக நின்றுவிடும். எழுதுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. முதலில் பெயர் கொடுத்தவர்கள் 32 ஆயிரத்து 250 பேர் அல்லவா? அவர்களில் 8 ஆயிரத்து 640 பேர் விசாரணைக்கு வரவே இல்லை. முன்னதாகவே முகாமை விட்டுப் போய்விட்டார்கள். அவர்களிடையே சிறுவர்களும் இருந்திருப்பார்கள். விசாரிக்கப்படாததால், அவர்கள் 2 ஆயிரத்து 973 பேரில் சேரவில்லை. அந்தப் படிப்பு, பயிற்சி உதவித் திட்டமும் அவர்களுக்காக அமையவில்லை.

எண்ணப்பட்டவனுக்குப் பள்ளிக்கூடம். எண்ணப்படாதவனுக்கு அந்தத் திட்டம் இல்லை.

கோர்ட்டில் நடந்தது

கணக்கைக் கவனமாக எழுதாவிட்டால் என்ன ஆகும்? இதற்கு ஆப்பிரிக்காவில் உள்ள காங்கோ நாட்டின் வழக்கு ஒரு பாடம்.

அங்கே தாமஸ் லுபாங்கா என்ற படைத்தலைவர், 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களைப் படையில் சேர்த்தார் என்று குற்றம் சாட்டப்பட்டார். நெதர்லாந்து நாட்டில் திஹேக் நகரில் உள்ள சர்வதேச குற்றவியல் கோர்ட்டில் வழக்கு நடந்தது.

"நாங்கள் சிறுவர் சிப்பாய்களாக இருந்தோம்" என்று சாட்சிகள் வந்து சொன்னார்கள். அந்தச் சாட்சிகளைத் தேடிப் பிடிக்கும் வேலையை, வழக்கு நடத்தியவர்கள் உள்ளூர் இடைத்தரகர்களிடம் விட்டிருந்தார்கள். சரியாக மேற்பார்வை செய்யவில்லை. சாட்சிகள் சொன்னவை ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. அப்படிப்பட்ட சாட்சியங்களை நம்ப முடியாது என்று நீதிபதிகள் ஒதுக்கி விட்டார்கள்.

வழக்கைக் காப்பாற்றியவற்றில் முக்கியமானது ஒரு வீடியோ படம். 2003-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி ருவம்பாரா என்ற பயிற்சி முகாமுக்கு லுபாங்கா போனபோது எடுத்த படம் அது. சின்னஞ்சிறு பிள்ளைகள் அவர் எதிரில் நிற்பது அதில் தெரிந்தது.

2012-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி லுபாங்கா குற்றவாளி என்று தீர்ப்பு ஆயிற்று. 14 ஆண்டு ஜெயில் தண்டனை கிடைத்தது. அந்தக் கோர்ட்டு அளித்த முதல் தீர்ப்பு இதுதான்.

உண்மை என்று எல்லோருக்கும் தெரிந்தால் போதாது. அதை ஒழுங்காக எழுதி, சரிபார்த்து, பத்திரப்படுத்தி இருக்க வேண்டும்.

கொலம்பியாவில்

தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியாவில் இதை நன்றாகவே செய்தார்கள். அங்கே 50 ஆண்டுகளுக்கு மேல் உள்நாட்டுச் சண்டை நடந்தது. 2016-ம் ஆண்டு சமாதானம் ஏற்பட்டது. பிறகு, போர்க் குற்றங்களை விசாரிக்கத் தனிக் கோர்ட்டு அமைத்தார்கள்.

"பார்க்" என்ற கொரில்லாப் படை எத்தனை குழந்தைகளைச் சேர்த்தது என்று அந்தக் கோர்ட்டு ஆராய்ந்தது. அரசாங்க இலாகாக்களும் தொண்டு நிறுவனங்களும் பல ஆண்டுகளாக எழுதி வைத்திருந்த பட்டியல்களை வாங்கியது. ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டது. 1996-ம் ஆண்டு முதல் 2016-ம் ஆண்டு வரை, குறைந்தது 18 ஆயிரத்து 677 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள் என்று 2021-ம் ஆண்டு அறிவித்தது.

சண்டை நடந்தபோது, எந்தக் கோர்ட்டும் இல்லாத நேரத்தில், யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்தார். 20 ஆண்டு கழித்து அது சாட்சியாக நின்றது!

வவுனியாவில்

இலங்கையிலும் இந்த வேலை நடந்தது. தமிழ்ப் பெற்றோர் பலர், தங்கள் பிள்ளைகள் படையில் சேர்க்கப்பட்டதைப் போர்க்காலத்திலேயே யுனிசெப் நிறுவனத்திடம் வந்து சொன்னார்கள். அந்தப் பெயர்கள் பதிவு செய்யப்பட்டன.

2009-ம் ஆண்டு மே மாதம் போர் முடிந்தது. கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்ட தாய்மார்கள் எத்தனையோ பேர். அந்த ஆண்டு டிசம்பரில், காணாமல் போன பிள்ளைகளைத் தேடிச் சேர்க்கும் ஒரு பிரிவு வவுனியாவில் தொடங்கப்பட்டது. குழந்தைகள் நல இலாகாவும் யுனிசெப் நிறுவனமும் சேர்ந்து அதை நடத்தின. பெற்றோர்கள் கொடுத்த விவரத்தையும், விடுதிகளில் இருந்த பிள்ளைகளின் விவரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சில தாய்மார்களுக்குப் பிள்ளை கிடைத்தது. பல தாய்மார்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

பணமும் நெருக்கடியும்

இப்படிப்பட்ட பதிவேட்டுக்கு எதிரிகள் இல்லாமல் இருப்பார்களா?

2016-ம் ஆண்டு ஒரு சம்பவம் நடந்தது. ஏமன் நாட்டில் குண்டு வீசியதால் குழந்தைகள் மாண்டார்கள் என்று, சவூதி அரேபியா தலைமையில் போரிட்ட கூட்டணியின் பெயர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சில நாட்களிலேயே பெயர் எடுக்கப்பட்டு விட்டது!

ஏன்? அப்போது ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த பான் கி மூன் பகிரங்கமாகவே காரணம் சொன்னார். சில நாடுகள் பண உதவியை நிறுத்திவிட்டால் மற்ற இடங்களில் லட்சக்கணக்கான குழந்தைகள் கஷ்டப்படுவார்கள் என்று அஞ்சியதாகக் கூறினார். தாங்கள் மிரட்டவில்லை என்று சவூதி அரேபியா மறுத்தது.

அந்தக் கூட்டணியின் பெயர் 2017-ம் ஆண்டு மறுபடியும் பட்டியலில் வந்தது. 2020-ம் ஆண்டு நீக்கப்பட்டது. குழந்தைகள் நல அமைப்புகள் அப்போது கண்டனம் தெரிவித்தன.

கணக்கு எழுதுகிறவன், பணம் கொடுப்பவனுக்கு அஞ்சினால் கணக்கு சுத்தமாக இருக்குமா? இந்தப் பதிவேட்டுக்குப் பணம் வேண்டும். ஆனால், "இன்னாரை எழுதாதே" என்று கட்டளை போடாத பணமாக அது இருக்க வேண்டும்.

என்ன உதவி தேவை?

பெரிய பெரிய இயந்திரங்கள் தேவை இல்லை. தேவைப்படுபவை இவைதான்:

குழந்தையிடம் பக்குவமாகப் பேசத் தெரிந்த ஆட்கள். அவர்கள் மலைக்கும் காட்டுக்கும் போய்வர வண்டி. பூட்டு உள்ள அலமாரி. மற்றவர் திறக்க முடியாத கம்ப்யூட்டர். தகவல் கொடுத்தவருக்கு ஆபத்து வந்தால் காப்பாற்ற ஒரு வழி. குழந்தைக்கு உடனே சிகிச்சை தர ஒரு டாக்டர்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பிறந்த குழந்தையின் தேதியை எழுதி வைக்கும் வழக்கம் வேண்டும். நேபாளத்தில் பார்த்தோமே! தேதி எழுதிய ஒரு துண்டுக் காகிதம் இருந்தால், "இவன் சிறுவன், விடு" என்று சொல்ல எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்?

சண்டை வலுத்த நாடுகளில் ஐ.நா. படையும் ஊழியர்களும் வெளியேறும்போது இந்த வேலையும் தளர்ந்து விடுகிறது. ஆப்பிரிக்காவில் மாலி நாட்டில் இருந்த ஐ.நா. அமைதிப் படை 2023-ம் ஆண்டு டிசம்பரில் வெளியேறியது. குழந்தைகளைப் பற்றி விசாரித்து எழுதிய ஊழியர்களும் அதோடு போய்விட்டார்கள். கொடுமை நிற்கவில்லை. எழுதும் கைகள்தான் குறைந்தன.

41 ஆயிரத்து 370

2024-ம் ஆண்டில் உறுதி செய்யப்பட்ட கொடுமைகளின் எண்ணிக்கை 41 ஆயிரத்து 370. இவற்றில் 5 ஆயிரத்துக்கும் அதிகமானவை, முந்தைய ஆண்டுகளில் நடந்து 2024-ல் உறுதி ஆனவை. முந்தைய ஆண்டைவிட, மொத்தக் கணக்கு நான்கில் ஒரு பங்கு அதிகம். இந்த ஏற்பாடு தொடங்கிய நாளில் இருந்து இவ்வளவு பெரிய எண் வந்தது இல்லை.

இந்த எண்ணைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நேரில் விசாரித்து உறுதி செய்தவை மட்டுமே இதில் இருக்கின்றன. போக முடியாத ஊர்கள் உண்டு. பேச அஞ்சும் தாய்மார்கள் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் இந்தக் கணக்கில் இல்லை.

ஆகவே, எண் கூடினால், கொடுமை கூடியதாகவும் இருக்கலாம், எழுத ஆள் கூடியதாகவும் இருக்கலாம். எண் குறைந்தால், "கொடுமை குறைந்ததா, எழுத ஆள் குறைந்ததா?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

நேபாளத்தில் அந்த 2 ஆயிரத்து 973 பேரும் இன்று நடுத்தர வயதை நெருங்கி விட்டார்கள். அவர்களில் பலருக்குக் குழந்தைகள் பிறந்திருக்கும். முகாமில் அவர்களுடைய வயதை ஒருவர் பொறுமையாகக் கேட்டு எழுதினார். அந்த ஒரு வரி அவர்களை வீட்டுக்கு அனுப்பியது.

அப்படி ஒரு வரி எழுதப்படுவதற்காக, இன்னும் எத்தனையோ முகாம்களில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.